பின்னாடி இருக்கறவர் மிதிக்கல

"பின்னாடி இருக்கறவர் மிதிக்கல!"

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆல்பி இதைத்தான் கத்துவார். பில்லிங்ஸ் மேடு தொடங்குகிற இடத்தில் அவருடைய ஆப்பிள் தோட்டம். வாசலில் விற்பனைக்கு ஆப்பிள் பெட்டி வைத்துப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கிற இரட்டை சைக்கிளைப் பார்க்கிற எல்லோருக்கும் தோன்றுகிற ஒரே நகைச்சுவை அது. லாரிக்காரர்கள்கூடக் கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

நெவில் பின் சீட்டிலிருந்து கையை ஆட்டுவார். "எதுக்கு மிதிக்கணும்? முன்னாடிதான் குதிரை கட்டியிருக்கே!"

"குதிரை உதைக்கும்" என்பேன் நான். மூச்சு மிச்சமிருந்தால்.

நான் சைக்கிளுக்கு வந்தது அறுபத்தோராவது வயதில். பள்ளிக்கூடம் விட்ட பிறகு தொட்டதில்லை. என் கணவர் நெவிலோ சிக்னெட் ஊர் சைக்கிள் சங்கத்தில் நாற்பது வருடம் ஓட்டியவர். அந்த மார்ச் மாதம் ஒருநாள் கொட்டகையிலிருந்து பழைய இரட்டை சைக்கிளை இழுத்து வந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு இது?"

"உனக்குத்தான் கிளெனிஸ். சர்க்கரை ஏறுதுன்னு டாக்டர் சொன்னார்ல."

"நடந்தா போதும்னார்."

"நீ எங்க நடப்ப? பேக்கரி வரைக்கும் நடப்ப. அங்க ரெண்டு கேக் வாங்கித் தின்னுட்டுத் திரும்புவ."

"சரி, பின்னாடி உட்கார்றேன். நீ ஓட்டு."

"பின்னாடி உட்கார்ந்தா நீ மூட்டை. முன்னாடி உட்கார்ந்தாத்தான் கத்துக்குவ."

நாற்பது வருடம் எல்லோருக்கும் முன்னால் ஓட்டிய மனுஷன், தானாக வந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எனக்காக விட்டுக்கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பில்லிங்ஸ் மேடு ஏழு கிலோமீட்டர். ஏப்ரலில் முதல் தடவை ஏறியபோது, இரண்டாவது வளைவிலேயே என் தொடைகள் தீப்பிடித்த மாதிரி எரிந்தன.

"என்னால முடியாது, நெவ்."

"மேட்டைப் பார்க்காதே. அந்த வெள்ளைக் கம்பத்தைப் பாரு. அது வரைக்கும் முடியுமா?"

"அது வரைக்கும் முடியும்."

"அவ்வளவுதான். அதுக்கு மேல யாரு கேட்டா?"

கம்பம் வந்ததும் அடுத்த கம்பத்தைக் காட்டினார். சாலையோரம் சிவப்பு வில்லை பதித்த கம்பங்கள் உச்சி வரைக்கும் இருக்கின்றன. அத்தனைக்கும் என்னிடம் தனித்தனியாகச் சம்மதம் வாங்கினார்.

உச்சியில் மெர்வ் கடிகாரத்தோடு நின்றிருந்தார். அவர் நெவிலோடு பள்ளியில் படித்தவர். அக்டோபரில் எங்கள் சங்கம் இந்த மேட்டில் ஒரு பந்தயம் வைக்கும். மெதுவாக ஏறுகிறவர்களை முதலில் விட்டு, வேகமானவர்களைக் கடைசியில் விடுவார்கள். சரியாகக் கணித்திருந்தால் எல்லோரும் உச்சியை ஒன்றாகத் தொட வேண்டும். யாரை எத்தனை நிமிடம் முன்னால் விடுவது என்று கணிப்பது மெர்வின் வேலை. அதற்காக ஞாயிறுதோறும் எல்லோருடைய நேரத்தையும் நோட்டில் எழுதுவார். முன்னால் விடுவார்கள் என்று வேண்டுமென்றே மெதுவாக ஏறுகிறவர்களை அவர் பார்த்த பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

"நாற்பத்தொண்ணு நிமிஷம்" என்றார் அன்று. "டேய் நெவில், உருளைக்கிழங்கு மூட்டையை இழுத்துட்டு வந்த மாதிரி வர்ற."

"மூட்டைன்னு சொல்லாதடா, அவதான் வீட்டுல சமைக்கறா."

மூன்று பேரும் சிரித்தோம். தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தோம். கீழே ஹியூவான் ஆறு வெயிலில் தகரம் மாதிரி கிடந்தது.

மே போயிற்று. எங்கள் தென்கோடித் தீவில் ஜூன்தான் குளிர்காலம்; கைவிரல் விறைத்துப்போகிற குளிர். புட்டம் மரத்துப்போய்ப் பழகிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. பாவாடைகளை இடுப்பில் பிடித்துத் தைத்தேன். சர்க்கரை இறங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். ஆனால் மேட்டில் மட்டும் மெர்வ் எழுதியது நாற்பத்தொன்று. மறுபடியும் நாற்பத்தொன்று. ஒரு வாரம் நாற்பத்திரண்டு.

"எனக்கு இது வராது" என்றேன் ஜூலைக் கடைசியில். "நாலு மாசம் ஆச்சு. ஒரு நிமிஷம்கூடக் குறையல. கிழவிக்கு எதுக்கு இந்த வேஷம்?"

"உன் உடம்பு மாறியிருக்கே."

"கடிகாரம் அப்படிச் சொல்லலியே. ஆகஸ்ட் முடியறதுக்குள்ள நாற்பதுக்குக் கீழ வரலைன்னா நான் நிறுத்திடறேன். நிஜமாத்தான் சொல்றேன், நெவ்."

அவர் குனிந்து காலுறையைக் கழற்றினார். கணுக்காலில் காலுறையின் விளிம்பு பதிந்து ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தது.

"ரொம்ப இறுக்கமா இருக்கு. புதுசு வாங்கணும்" என்றேன்.

"வாங்கு" என்றார்.

இரட்டை சைக்கிளில் இரண்டு பெடல்களையும் ஒரே செயின் கட்டியிருக்கும். முன்னால் சுற்றினால் பின்னாலும் சுற்றும். பின்னால் இருக்கிறவர் மிதிக்கிறாரா, கால் சும்மா கூடப் போகிறதா என்று முன்னால் இருக்கிறவருக்குத் தெரியாது. இது தெரிந்துதான் ஊரே அந்த நகைச்சுவையைச் சொல்கிறது. நானும் தெரிந்துதான் சிரித்தேன்.

ஆகஸ்ட் மூன்றாவது ஞாயிறு. கடைசி வளைவில் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தாறு நிமிடம் ஆகியிருந்தது.

"நெவ், கிடைச்சிடும் போல இருக்கு! நீயும் மிதி!"

"மிதிக்கறேன்."

"இதுவா மிதிக்கறது? நாற்பது வருஷம் ஓட்டினேன்னு பீத்திக்கற. மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்காதே! மிதி!"

மிதித்தார். வண்டி முன்னால் பாய்ந்ததை நான் ஹேண்டில்பாரில் உணர்ந்தேன்.

"முப்பத்தொன்பது ஐம்பது!" என்று மெர்வ் கத்தினார். நான் கீழே குதித்து அவரைக் கட்டிக்கொண்டேன். குளிர்காலத்தில் வேர்வை வழிய ஏதேதோ பேசினேன். திரும்பிப் பார்த்தபோது நெவில் சாலையோரத் தடுப்பில் உட்கார்ந்து ஷூ கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னுமா கட்டற?"

"முடிச்சு விழுந்துடுச்சு" என்றார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

அடுத்த ஞாயிறு முட்டி வலிக்கிறது என்றார். மெர்வ் தன் மகளின் சைக்கிளை வேனில் கொண்டுவந்து இறக்கினார்.

"ஒத்தை சைக்கிள்ல ஒரு தடவை ஏறிப் பாரு. உன்னைத் தனியாவும் கணிச்சு வெச்சுக்கறேன்."

"தனியாவா? என்னை இழுக்க ஆள் வேணுமே."

"கம்பத்தைப் பாரு, போ" என்றார் நெவில் அடுப்படி ஜன்னலிலிருந்து.

போனேன். எப்போதும் கெஞ்சிக் கூத்தாடிக் கடக்கிற கம்பங்கள் தாமாக வந்து வந்து போயின. பாதி மேட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உச்சியில் நின்றபோது பேச மூச்சுகூட இருந்தது.

"எவ்வளவு மெர்வ்?"

அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தேழு."

"இருபத்தேழா! சும்மா சொல்றியா?"

அவர் கைதட்டவில்லை. நோட்டைப் பின்னால் புரட்டி ஏப்ரலுக்குப் போனார். விரலை வரிவரியாக இறக்கினார்.

"என்ன மெர்வ், முகம் ஏன் இப்படிப் போகுது? உன் கணிப்பு தப்பாயிடுச்சேன்னா?"

"ஏப்ரல்ல உனக்கு ஒண்ணும் தெரியாது. அவன் உன்னையும் சேர்த்து இழுத்துட்டு வந்தான். நாற்பத்தொண்ணு."

"ஆமா."

"இப்ப நீ இவ்வளவு பலமாயிட்ட. அப்படியிருந்தும் போன மாசம் வரைக்கும் அதே நாற்பத்தொண்ணுதான்."

"ஆமா, அதான் எனக்கும்..." என்று தொடங்கினேன். முடிக்கவில்லை.

மெர்வ் நோட்டை மூடினார்.

"பலத்தை ஒளிக்கறவனைப் பிடிக்கறதுதானே என் வேலை. முப்பது வருஷம் அதையே பார்த்துட்டேன். பலமில்லாததை ஒருத்தன் ஒளிப்பான்னு எனக்குத் தோணவே இல்லம்மா."

மேட்டிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. நெவில் அடுப்படி மேஜையில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். இரண்டு கால்களும் வீங்கியிருந்தன.

"எவ்வளவு?" என்றார்.

"இருபத்தேழு."

அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை என்னால் பார்க்க முடியவில்லை.

"எப்பலேருந்து, நெவ்?"

அவர் நடிக்கவில்லை. "மார்ச்லேருந்து. இதயம் தளர்ந்துபோச்சாம். மருந்து கொஞ்ச நாள் தள்ளும்னார் டாக்டர். சைக்கிளை விடச் சொன்னார்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"உன்னை நாற்காலியில உட்கார வெச்சிருப்பேன்."

"நீயும் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்ப. எனக்கு அப்புறமும் அங்கயே உட்கார்ந்திருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?"

"என்னை ஏமாத்தின."

"ஏமாத்தினேன். எனக்கும் மேட்டுக்குப் போக ஆசையா இருந்துச்சு, கண்ணு. உன் முதுகைப் பார்த்துட்டே போறது நல்லா இருந்துச்சு."

"நான் உன்னை மூட்டைன்னு சொன்னேன். மிதி மிதின்னு கத்தினேன்."

"நீ கத்தினதாலதான் நாற்பதுக்குக் கீழ வந்தோம்" என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார். நான் மேஜையில் தலையை வைத்துக்கொண்டேன். அவர் என் ஹெல்மெட்டின் வாரைக் கழற்றிவிட்டார். அதைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு மேட்டுக்குப் போகவில்லை. செப்டம்பரில் இரண்டு ஞாயிறுகள், தட்டையான சாலையில் படகுத்துறை வரைக்கும் போனோம்.

"மிதிக்காதே."

"மிதிக்கல."

"பொய் சொல்லாதே. எனக்குத் தெரியுது."

"காத்து பின்னாலேருந்து அடிக்குது, கிழவி."

காற்று முகத்தில் அடித்தது. மூன்றாவது ஞாயிறு அவர் ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் இருந்தார். செவ்வாய்க்கிழமை காலை, நான் தேநீர் வாங்கி வருவதற்குள் போய்விட்டார்.

அக்டோபர் பந்தயத்தன்று நான் இரட்டை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். மெர்வ் நோட்டோடு வந்தார்.

"ஒத்தை சைக்கிள்ல வருவன்னு நினைச்சேன். இதுக்கு எங்கிட்ட கணிப்பில்லையேம்மா. உன்னை எப்ப விடறது?"

"முதல்ல விடு."

"இன்னைக்கு வரணும்னு கட்டாயமில்ல."

"வீட்டுல இருந்தா நாற்காலியிலதான் உட்கார்ந்திருப்பேன், மெர்வ்."

அவர் நோட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் போல நெவில் பெயரையும் எழுதியிருந்தார்.

தனியாகப் புறப்பட்டேன். வண்டி லேசாக இருந்தது. அவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குப் பின்னால் ஆளில்லாத பெடல்கள் என் கால்களோடு சேர்ந்து சுற்றின. அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆல்பியின் தோட்டம் முழுக்கப் பூத்திருந்தது. பெட்டி காலி. ஆனாலும் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

அவரைக் கடந்து போக மனம் வரவில்லை. கால் ஊன்றி நின்றேன்.

"என்ன ஆல்பி, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலியா?"

"வேணாம், கிளெனிஸ்."

"சொல்லுங்க."

"எப்படிம்மா சொல்றது?"

"எப்பவும் சொல்ற மாதிரி."

அவர் தொப்பியை இரண்டு கையாலும் திருகினார். கத்தவில்லை. பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"பின்னாடி இருக்கறவர் மிதிக்கல."

"தெரியும்" என்றேன்.

முதல் கம்பம் அங்கிருந்தே தெரிந்தது.