எண்பது சதவீதத் தள்ளுபடி

சிவகாசியில் பட்டாசு மொத்த வியாபாரம் செய்கிறவன் நான். பெயர் ஸ்ரீராம்குமார். பேரம் பேச உட்கார்ந்தால் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஊருக்குள் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் நான்தான், அதை இன்றுவரை நம்புகிற ஒரே ஆளும் நான்தான். அப்பேர்ப்பட்ட நான், என் மனைவி யோகேஸ்வரியின் கம்பெனியை ஒரே மூச்சில் நாற்பது கோடியிலிருந்து எட்டு கோடிக்கு இறக்கினேன். டீக்கடையில் கண்டவனெல்லாம் இதைக் கை கால் வைத்துச் சொல்கிறான். அவன் சொல்லிச் சிரிப்பதற்குப் பதில் நானே சொல்லித் தொலைக்கிறேன்.

யோகேஸ்வரி திருத்தங்கலில் அவள் அப்பாவின் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் அதை விடவில்லை. முதலில் காகிதத்தில் வரைந்தாள். அப்புறம் கம்ப்யூட்டரில் வரைந்தாள். அப்புறம் வரைந்ததெல்லாம் நகர ஆரம்பித்தது. என்ன ஏது என்று நான் விசாரிப்பதற்குள் எங்கள் கடை மாடியில் ஏழு பெண்கள் உட்கார்ந்து செல்போனுக்கு விளையாட்டு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுக்குப் பெயர் ‘திரி’. சிதறிக் கிடக்கிற திரித் துண்டுகளை விரலால் இழுத்து இணைத்து, ஒரு வெடிகூட மிச்சமில்லாமல் வெடிக்க வைக்க வேண்டும்.

“இதைப் போயி எவன் விளையாடுவான்? கடைக்கு வந்தா நெச வெடியே போடலாமே,” என்று கேட்டேன்.

பிரேசில்காரன் விளையாடினான். துருக்கிக்காரன் விளையாடினான். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் விளையாடிக்கொண்டே விருதுநகரில் இறங்க மறந்து மதுரைக்குப் போனார். கம்பெனியைப் பதிவு செய்யும்போது என்னையும் பங்குதாரராகச் சேரச் சொன்னாள். “உன் பொம்மைக் கடையில எனக்கு எதுக்குப் பங்கு?” என்றேன். தொலைநோக்கு என்றால் இதுவல்லவா தொலைநோக்கு!

இந்தத் தை மாதம் சிங்கப்பூர் கம்பெனி ஒன்று ‘திரி’யை மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்று வந்தது. அவர்கள் ஆட்கள் ஒரு மாதமாகக் கணக்கு வழக்கையெல்லாம் கிண்டிக் கிளறிப் பார்த்தார்கள். நாற்பது கோடி தாராளமாகக் கேட்கலாம் என்றார் ஆடிட்டர். எனக்கு அன்று இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. யோகேஸ்வரிக்கோ கவலை வேறு. வாங்குகிற கம்பெனி ஆபீசைப் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்த ஏழு பெண்களும் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் வேனில் போய்வருகிறவர்களின் பிள்ளைகள். மூத்தவள் வேல்விழிக்குக் கைக்குழந்தை. மற்றவர்களை வீட்டில் வெளியூருக்கு அனுப்ப மாட்டார்கள். இந்த வேலை போனால் அவர்களும் காலையில் வேனுக்கு நிற்க வேண்டியதுதான்.

“கம்பெனி கை மாறுனாலும் பிள்ளைக இங்கனயேதான் வேலை பாக்கணும். இல்லைன்னா எனக்கு யாவாரமே வேணாம்,” என்றாள் யோகேஸ்வரி. “நீங்களும் வந்து உக்காருங்க. ஆனா பேச்சை நான் பாத்துக்கிடுதேன்.”

“யாருக்கு யாரு யாவாரம் சொல்லித் தர்றது?” என்று சிலிர்த்துக்கொண்டு, இதற்கென்றே முன்கூட்டி வாங்கி வைத்திருந்த புதுச் சட்டையைப் பிரித்தேன்.

எங்கள் ஊர்த் தொழில் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பட்டாசுப் பெட்டியில் விலை ஆயிரம் என்று அச்சடித்திருப்போம். அந்த விலைக்கு விற்றவனும் கிடையாது, வாங்கியவனும் கிடையாது. எண்பது சதவீதத் தள்ளுபடி போட்டு இருநூறுக்குக் கொடுப்போம். அதுவும் வாங்க வந்தவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விலையைக் கேட்ட ஆள் ஒரு நொடி பேசாமல் நின்றால் அடுத்த கடைக்குப் போகப் போகிறார் என்று அர்த்தம். அதற்குள் தள்ளுபடியைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிச் சொல்லி என் நாக்கு என்னைக் கேட்காமலே வேலை பார்க்கும்.

சிங்கப்பூர் கம்பெனி சார்பில் வந்தவள் பிரீத்திகா. கோயம்புத்தூர்ப் பெண், சின்ன வயது. கம்பெனிகளை வாங்கிப் போடுவதுதான் அவளுக்கு உத்தியோகமாம். மாடியில் மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள் இருவர். அடுத்த அறையில் ஏழு பெண்களும் வேலை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விசைகூடத் தட்டுகிற சத்தம் இல்லை.

“விலை நாப்பது கோடி,” என்றாள் யோகேஸ்வரி.

பிரீத்திகா பதில் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடை.

ஐயையோ, கிராக்கி போகுதே!

“எண்பது பெர்சென்ட் தள்ளுபடி உண்டு மேடம்,” என்றேன்.

பாட்டில் பாதி வழியில் நின்றது. “அப்படின்னா... எட்டு கோடியா?”

“நெட் ரேட்டு. உங்களுக்காக.”

யோகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். பிரீத்திகா துள்ளிக் குதிப்பாள் என்று நான் பார்க்கிறேன், அவளோ லேப்டாப்பை மூடினாள்.

“நான் கேக்காமலே நாப்பது எட்டாகுது. இத்தனை லட்சம் பேர் விளையாடுறாங்கன்னு சொன்னீங்களே, அதுக்கும் இதே தள்ளுபடிதானா?”

அத்தோடு விட்டேனா? தடதடவென்று கடைக்கு இறங்கிப்போய் ஒரு புஸ்வாணப் பெட்டியோடு ஏறி வந்தேன். “பாருங்க மேடம், ஆயிரம்னு போட்டிருக்கா? நாங்க குடுக்கிறது இருநூறு. இங்கன அம்புட்டுப் பேரும் இப்படித்தான்.”

“அப்போ நீங்க அச்சடிக்கிற நம்பர் எதுவுமே உண்மை இல்லையா?”

“கிடையவே கிடையாது மேடம்,” என்றேன் பெருமையாக.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. வேல்விழி அறை வாசலில் வந்து நின்றாள். எப்போதும் “அண்ணாச்சி” என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பிள்ளை, என் பக்கமே திரும்பவில்லை. அக்கா என்ன சொல்லப் போகிறாள் என்று யோகேஸ்வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடப்பாவி, ஏழு வீட்டு அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

யோகேஸ்வரி குரலை உயர்த்தவில்லை. “மேடம், உங்க ஆளுக ஒரு மாசமா எங்க கணக்கைப் பாத்தாக. எங்கயாச்சும் பொய் இருந்துச்சா?”

“இல்லை.”

“பொறகென்ன? இவுக சொன்னது இவுக கடை வழக்கம். இந்தக் கம்பெனியில இவுகளுக்கு ஒரு பங்குகூடக் கிடையாது. இவுக சொன்ன ரேட்டுக்கு இவுக புஸ்வாணம் வேணும்னா தருவாக.”

பிரீத்திகா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். லேப்டாப் மறுபடி திறந்தது. “சரி. நாப்பதுக்கு ஒத்துக்கலாம். ஆனா டீம் பெங்களூர் வந்துடணும்.”

“முப்பத்தாறு குடுங்க, போதும்,” என்றாள் யோகேஸ்வரி. “ஆபீசு இங்கனயே இருக்கணும். அஞ்சு வருசத்துக்கு ஒரு பிள்ளையவும் நிப்பாட்டக் கூடாது. அதை ஒப்பந்தத்துல போட்டுருங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு கோடியை விட்டுக்கொடுக்கிறாளே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. முப்பத்திரண்டு கோடியை அள்ளிக் கொடுத்து ஒரு தேங்க்ஸ்கூட வாங்காத கர்ணன் நான், நான் பேசலாமா? புஸ்வாணப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிரீத்திகா வெளியே போய் சிங்கப்பூருக்குப் போன் பேசினாள். திரும்பி வந்து கையை நீட்டினாள். அடுத்த அறையில் எழுந்த கூச்சலுக்கு எதிர்க்கடைக்காரன் தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தான். வேல்விழி யோகேஸ்வரியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கிளம்பும்போது பிரீத்திகாவின் பெட்டி, லேப்டாப் பை எல்லாவற்றையும் நானே தூக்கிக்கொண்டேன். ஏதாவது ஒரு வேலையாவது உருப்படியாகச் செய்ய வேண்டாமா? அவர்கள் இருவரும் முன்னால் படியிறங்க, நான் பின்னால் போனேன். எனக்குக் கேட்காது என்று நினைத்து அவள் மெதுவாகக் கேட்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்குத்தான் பங்கு இல்லையே. இப்படிப் பேசுவார்னும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் எதுக்கு மீட்டிங்ல பக்கத்துல உக்கார வச்சீங்க?”

யோகேஸ்வரி ஒரு படியில் நின்றாள்.

“ஆசைப்பட்டாக,” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையிலும் பெட்டி, துடைக்கவும் வழியில்லை.