பிரிஜெட்டின் அளவு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரிஜெட் தலையணையில் சாய்ந்தபடி கண்ணயர்ந்த நேரம் பார்த்து, ஆம்ப்ரோஸ் நூலை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனார். நீளம் பார்க்க வேண்டியதில்லை, ஒரு ஆயுசு முழுக்கப் பக்கத்தில் படுத்தவள். தோள் அகலமும் தெரியும். தெரியாதது வயிற்றின் உயரம்தான். கட்டில் பலகையில் நூலின் ஒரு நுனியை ஊன்றி, மறு நுனியை வயிற்றின் உச்சிக்கு நேரே பிடித்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டார். நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

பிரேசர் டவுனில் சவப்பெட்டி என்றால் ஆம்ப்ரோஸ்தான். விஷ ஜுரம் வந்து, பட்டாளம் தங்கிய தண்டுப் பகுதி முழுக்க ஜனங்கள் செத்து விழுந்த வருஷத்தில், ஆளைப் பார்த்தே அளவு சொல்லும் கண் அவருக்கு வாய்த்துவிட்டது. அதற்கப்புறம் அவர் நலம் விசாரிக்கப் போனால் நோயாளிகள் போர்வையை முகவாய் வரை இழுத்துக்கொள்வார்கள். "அவரு ஒருக்கா மேலயும் கீழயும் பாத்தாருன்னா ஃபாதரக் கூப்பிட்டுக்கலாம்" என்று தெருவில் கேலி பேசுவார்கள். மனுஷனுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லாமல் எப்படி இருக்கும்!

பிரிஜெட்டுக்கு அறுபது தாண்டி வயிறு வளர ஆரம்பித்தது. வலியில்லை, ஆனால் நிற்காமல் வளர்ந்தது. கம்பவுண்டர் வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்று மருந்து கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த மகள் ஜோசஃபின், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒரு வருஷமாகச் சண்டை போட்டாள்.

"வேணாம்மா. இது புத்துநோய்தான். ஆஸ்பத்திரில வயித்த அறுத்தவங்கள்ல ஒருத்தர்கூடப் பொழச்சு நான் பாத்ததில்ல. தையலோட வந்த ஒடம்பு எத்தினிய நான் பொட்டில வச்சிருக்கேன். உங்கம்மாவாவது முழுசாப் போகட்டும்."

ஆம்ப்ரோஸ் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்.

கடையின் பின்கட்டில் பெட்டி தயாராயிற்று. ஊருக்கெல்லாம் மலிவான சில்வர் ஓக் பலகை, இவளுக்கு மட்டும் தேக்கு. பக்கப் பலகைக்கு மேல் இன்னொரு பலகை ஒட்டி வேண்டிய ஆழம் கொண்டுவந்தார். ஜுர வருஷத்தில் ஒருமுறை, வீங்கிய வயிற்றின் மேல் மூடி இறங்காமல், இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து அழுத்த வேண்டியிருந்தது. அப்போது எழுந்த சத்தம் அவர் காதை விட்டுப் போகவேயில்லை. பிரிஜெட்டுக்கு அந்த கதி வரக்கூடாது, அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் பெட்டியைக் கோணிச் சாக்கால் மூடி வைத்தார்.

குளிர் தொடங்கியதும் பிரிஜெட்டுக்கு மூச்சு வாங்கியது. ஆம்ப்ரோஸ் அடுகோடிக்குப் பெட்டி கொண்டுபோயிருந்த ஒரு காலையில், ஜோசஃபின் யாரையும் கேட்காமல் ஜட்கா வண்டியில் ஏற்றி அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். செய்தி கேட்டு அவர் ஓடியபோது டாக்டர் ஸ்ரீகண்டன் பிரிஜெட்டை ஒருக்களிக்க வைத்து, வயிற்றில் விரலை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணியா இருந்தா பொரண்டு படுத்தா எடம் மாறணும், சத்தம் மாறும். இதுல மாறல" என்றார் டாக்டர். "புத்தா இருந்தா இத்தனை நாள்ல மொகம் ஒட்டிப் போயிருக்கும். கொடலுக்குப் பின்னால ஏதோ கட்டி. அபூர்வமா வரும், அதுவாக் கொல்லாது. ஆனா இவ்வளவு பெரிசானது மூச்ச நசுக்கறது. எடுத்துடணும்."

"அறுத்தவங்க யாரும் பொழச்சு நான் பாத்ததில்ல சார்."

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். என்ன தொழில் என்று கேட்டார். ஆம்ப்ரோஸ் சொன்னார்.

"பொழச்சவன் உங்க கடைக்கு எதுக்கு வரான், ஆம்ப்ரோஸ்?"

இத்தனை வருஷத்தில் இது ஏன் தோன்றவில்லை? அவர் சம்மதக் காகிதத்தில் பெருவிரலை அழுத்தினார்.

அறுவை முடிந்ததும் கட்டியைக் காட்டினார்கள். பெரிய எனாமல் பேசின் நிறைய மஞ்சள் கொழுப்பு. வெறும் கொழுப்பு. பிறந்த பிள்ளை இரண்டைச் சேர்த்துத் தூக்கினாலும் அந்தக் கனம் வராது.

"போன வருஷம் கொண்டாந்திருந்தா, சார்?"

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சின்னதா இருந்திருக்கும். ஹார்ட்டும் இவ்வளவு தளர்ந்திருக்காது" என்றார் கடைசியில்.

மறுநாள் பிரிஜெட் கண் விழித்தாள். போர்வைக்குக் கீழே வயிறு இருந்த இடம் தட்டையாகக் கிடந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நூல் போட்டு அளந்தீங்கல்ல, அன்னிக்கு நான் தூங்கல" என்றாள்.

"ஏன் பிரிஜெட்டு ஒரு வார்த்த சொல்லல?"

"உங்க அளவு தப்பாதுன்னு ஊரே சொல்லுது. நானும் நம்பிட்டேன்."

அவர் அழுதார். அவள் "பேஜார் பண்ணாதீங்க. அந்தப் பொட்டிய என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"ஒடைச்சு உனக்கு பீரோ செஞ்சு தரேன்."

"நல்ல ஆழமா இருக்கும். கம்பளியெல்லாம் வச்சுக்கலாம்." சிரிப்பு வந்து, தையலைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வெக்காதீங்க, இழுக்குது."

அன்று சாயங்காலமே ஆம்ப்ரோஸ் கடைக்குப் போய்ச் சாக்கை விலக்கி, ஒட்டுப் பலகையைக் கழற்ற உளியை எடுத்தார். உளி பதியும் முன்பு ஜோசஃபின் ஆள் அனுப்பிவிட்டாள். அம்மாவுக்கு ஜுரம், நெஞ்சில் சளி. இருமினால் தையல் பிய்ந்துவிடும் என்ற பயத்தில் பிரிஜெட் இருமலை அடக்கி அடக்கிப் படுத்திருந்தாள். ஒத்தடம் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். தளர்ந்த இருதயம் அந்த ஜுரத்தைத் தாங்கவில்லை. ஃபாதர் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு அவஸ்தைப்பூசுதல் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போய்விட்டாள்.

"வேற பொட்டி இருக்கில்லப்பா" என்றாள் ஜோசஃபின்.

"இது அவளுக்குச் செஞ்சது."

அடியில் மரச்சீவலைப் பரப்பினார். அந்தப் பெட்டியை இழைத்தபோது விழுந்த சீவல்தான் அது, ஒன்றையும் வீசவில்லை. அதன் மேல் அவளுடைய கம்பளிகளை மடித்துப் போட்டார். பிறகு நாலு பேராகச் சேர்ந்து அவளை இறக்கினார்கள். அப்படியும் அவள் வெகு கீழே கிடந்தாள், ஜெபமாலை சுற்றிய கைகள் தட்டையான வயிற்றின் மேல் இருந்தன.

மூடியை அவரே வைத்தார். அது எங்கும் தட்டாமல் இறங்கியது. திருகாணி முடுக்கத் திருப்புளியோடு நின்றவர்களைக் கையமர்த்திவிட்டு, மூடியை ஒரு பக்கம் தூக்கிக் கையை உள்ளே விட்டார். அவள் விரல்களுக்கும் மூடிக்கும் நடுவில் அவர் கை தாராளமாகப் போய் வந்தது.