ஓரெஸ்டின் ரிலேயும் ஸ்டெஃபாவின் இறுதிப்போட்டியும்

1

மானுட விடுதலையின் வரலாற்றில் புதியதோர் அத்தியாயம் தொடங்கிவிட்டது என்பதை வாசகப் பெருமக்களுக்கு அறிவிக்கிறேன். அத்தியாயம் கனடாவின் வின்னிபெக்கில், என் பக்கத்து வீட்டு நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் இருக்கிறது.

எனக்கு அது கிடைத்தது பெரோகிக் கொழுக்கட்டை சாப்பிடப் போன இடத்தில்.

2

[முதல் தொடக்கம்: "பனி பெய்துகொண்டிருந்தது. ஓரெஸ்டின் கண்களில் ஒரு..." வேண்டாம். இந்த ஊரில் பனி பெய்வது செய்தியே அல்ல.]

பக்கத்து வீட்டு ஓரெஸ்ட் நடத்துவது ஒரு ரிலே. முகம் தெரியாத ஒருவரின் இணையத் தகவலை வாங்கி, அடுத்த கணினிக்குத் தள்ளிவிடும் சிறு பெட்டி. அனுப்பியவர் யாரென்று வெளியே தெரியாது. தள்ளிவிடும் வீடு எதுவென்று உலகத்துக்கே தெரியும். ரிலேக்களின் முகவரிப் பட்டியல் பகிரங்கமானது.*

(*நிறுத்தாமல் ஓட்டினால் 'நிலையானது' என்றொரு பட்டம் உண்டு. ஓரெஸ்ட் அதைப் பாத்திரம் கழுவும்போதும் குறிப்பிடுவார்.)

3

அன்று அவர் மனைவி ஸ்டெஃபாவின் தங்கை, பனித்தளத்தில் கல்லை வழுக்கிவிடும் கர்லிங் ஆட்டத்தின் மாகாண இறுதிப்போட்டியில் ஆடினாள். நேரலைத் தளமோ, பட்டியலைப் பார்த்து அந்த வீட்டையே தடுத்துவிட்டது.

"எவனெவனோ உன் வழியாப் போறான். நான் மட்டும் என் தங்கச்சியப் பாக்கக் கூடாதா?"

"அணைச்சா பட்டம் போயிடும், ஸ்டெஃபா."

"கல்யாணம் நிலையா இருக்கணுமா, பெட்டி நிலையா இருக்கணுமா? நீயே சொல்லு."

ஓரெஸ்ட் என் பக்கம் திரும்பினார். "எழுத்தாளரே, எடுத்துச் சொல்லுங்களேன்."

"பெரோகி பிரமாதம்," என்றேன்.

[இங்கே அவரைத் தியாகியாக்க நினைத்தேன். காலில் இருந்த முயல்காதுச் செருப்பு இடம் தரவில்லை.]

கீழே போனார், அணைத்தார், தலைகுனிந்து வந்தார். திரையில் அதே 'அனுமதி இல்லை'. பெட்டி நின்றாலும் பட்டியலிலிருந்து முகவரி உடனே நீங்காது என்பதைத் தியாக வேகத்தில் மறந்திருந்தார்.

"அப்ப சும்மாவா அணைச்சேன்?"

"தள்ளு," என்றார் ஸ்டெஃபா. ஃபோனை எடுத்து வீட்டு வைஃபையைத் துண்டித்து, ஃபோனின் சொந்த இணைப்பைப் போட்டார். படம் வந்தது.

4

உள்ளங்கைத் திரையின் மேல் மூன்று தலைகள். கடைசிக் கல், தங்கை கையில். மிளகளவு கல் பனியில் வழுக்கியது. அது இன்னும் தூரம் போக, தோழிகள் துடைப்பத்தோடு முன்னால் ஓடிப் பனியைத் தேய்க்க வேண்டும்.

"துடை! துடைங்கடி!" பெரிய சத்தம் ஓரெஸ்டுடையது.

கல் எங்கே நின்றது? தன் தியாகத்தால்தான் நின்றது என்று எழுதச் சொல்கிறார் ஓரெஸ்ட். "என் தங்கச்சி கைய விட்டுட்டு இவன் பெட்டியப் பத்தி எழுதினீங்க, இனிமே சோறு கிடையாது," என்கிறார் ஸ்டெஃபா. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டெஃபா குதித்த குதியில் பெரோகிக்கு வைத்த புளித்த பாலேடு முழுவதும் என் சட்டையில் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி அணைந்திருந்த நேரம் முழுவதும் ரிலேக்களின் வலைப்பின்னல் வழக்கம்போல ஓடியது.