இரண்டாம் கூவல்

கொழும்பில் இசைத்தட்டுப் போடும் முதலாளி எங்களிடம் கேட்டது ஒன்றுதான். சென்னையில் வந்த பாட்டை நீங்கள் திரும்பப் பாடினால் அதை யார் வாங்குவார்கள்? உங்களுடையது ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள்.

எங்களுடையது என்று ஒன்றும் இருக்கவில்லை. தில்லைநாதன் பாடுவான். நளீர் அக்கோடியன். நான் கிற்றார். கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் சினிமாப் பாட்டும் பைலா என்கிற ஆட்டப் பாட்டும் வாசித்துத் திரிந்தோம். தில்லைநாதன் மினுங்குகிற சட்டை போட்டுக்கொண்டு மேடையில் ஏறினால் சனம் கைதட்டியது. வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

திரும்பி வரும்போது பஸ் யன்னலில் தலையைச் சாய்த்திருந்த தில்லைநாதன், தானும் பக்கத்து வயல் ஏரம்புவும் முந்திக் காவலில் கூவினதைப் போடலாம் என்றான். நளீர் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோஷ்டி தொடங்கியதே அந்தக் கூவலில்தான்.

முரசுமோட்டையில் அவர்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். கதிர் பால் பிடிக்கும் காலத்தில் ஒவ்வொரு வயலிலும் ஒரு காவல் கொட்டில் எழும்பும். பொழுதுபட்டதும் கொட்டிலில் ஏறியவன் ஒரு தரம் கூவுவான். பக்கத்து வயல்காரன் மறுமொழி கூவுவான். அவன் அடுத்தவனுக்கு, அடுத்தவன் அதற்கடுத்தவனுக்கு என்று வாய்க்கால் வரைக்கும் போகும். பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, காடு அந்தப் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. பேர் தேவையும் இல்லை. ஒவ்வொருவனின் கூவலும் முடிகிற இடத்தில் ஒவ்வொரு விதமாக வளையும். தில்லைநாதனும் ஏரம்புவும் அந்த வளைவை இழுத்து இழுத்து ஒரு பாட்டாக்கி வைத்திருந்தார்கள். பன்றி விரட்டும் தகரத்தை ஏரம்பு அதற்குத் தாளமாகத் தட்டுவான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் போக இடமில்லாமல் இருந்த நான், உடைந்த கிற்றார் ஒன்றோடு அந்தக் கொட்டிலுக்குக் கீழே போய் இருந்தேன். அவ்வளவுதான் தொடக்கம்.

பிறகு மேடை வந்தது. காட்டுக் கத்தல் மேடைக்குச் சரிவராது என்று தில்லைநாதன்தான் சொன்னான். ஏரம்பு சண்டை பிடிக்கவில்லை. தகரத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனான். அதற்குப் பிறகு இருவரும் தேவைக்கு மேல் கதைத்ததில்லை.

கொழும்புக்கு வரும்படி கேட்க நானும் தில்லைநாதனோடு போனேன். ஏரம்பு வரம்பில் உடைத்துக்கொண்ட இடத்துக்குச் சேறு அப்பிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. அவன் இல்லாவிட்டால் பாட்டில் பாதிதான் இருக்கும் என்று தில்லைநாதன் சொன்னான். அவன் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"அது பாட்டில்லை, தில்லை," என்றான் ஏரம்பு. "பயத்தில கூப்பிடுறது. பயமில்லாத இடத்தில நிண்டு நான் என்னத்துக்குக் கூப்பிடோணும்?"

அவன் இல்லாமலே போனோம். ஒலிப்பதிவு அறையின் சுவரெல்லாம் பாய் அடித்திருந்தார்கள். உள்ளே போனதும் காது அடைத்தது போல இருந்தது. பைலா இல்லை, சினிமா மெட்டு இல்லை. நான் இரண்டு நரம்பை மட்டும் தட்டினேன். நளீர் அக்கோடியனை மூச்சு விடுகிற அளவுக்குத் திறந்து மூடினான். ஏரம்புவின் மறுமொழியைத் தான் வாசித்து நிரப்புவதாகவும் சொன்னான். தில்லைநாதன் வேண்டாம் என்றான். கண்ணை மூடிக் கூவினான். பிறகு காத்திருந்தான்.

ஒன்றும் வரவில்லை. எங்கிருந்து வரும்? பாயில் பட்ட குரல் பாய்க்குள்ளேயே செத்துப் போனது. இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அவன் இரண்டாம் தரம் கூவினான்.

என் கை நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் இரண்டாம் கூவலை விளையாட்டுக்கும் கூவுவதில்லை. பாம்பு கடித்தால், யானை வந்தால் கூவுவது அது. கேட்டவன் எந்த நிலையில் இருந்தாலும் கொட்டிலை விட்டு இறங்கி வரவேண்டும். ஒலிப்பதிவுக்காரருக்கு அது தெரியாது. நல்லாயிருக்கிறது என்று அப்படியே தட்டில் விட்டுவிட்டார். வெளியே வந்ததும் தில்லைநாதனிடம் கேட்டேன். குரல் தானாக வந்துவிட்டது என்றான். நான் நம்பவில்லை.

தட்டு வெளிவந்த பிறகு, நடுவில் இருந்த அந்த வெறுமையைக் கொழும்பில் சிலர் தட்டின் பழுது என்று நினைத்தார்களாம்.

தை மாதம் முரசுமோட்டையில் மயில்வாகனத்தாரின் மகளுக்குக் கல்யாணம். எங்கள் கச்சேரி. நான் நெல் ஆலையில் இரவு வேலை செய்பவன். பகலைப் பாதித் தூக்கத்தில்தான் பார்ப்பேன். அன்று பின்னேரமும் எல்லாம் தண்ணீருக்குள் நடப்பது போல இருந்தது. வயலிலிருந்து பனி எழும்பிக்கொண்டிருந்தது. பெற்றோல்மாக்ஸ் விளக்குகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. ஒலிபெருக்கிக் குழாயை மருத மரத்தில், வயலைப் பார்த்தபடி கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கிக்கார ஐயாத்துரை எங்கள் தட்டைப் பெருமையோடு போட்டார்.

என் இரண்டு நரம்பும் மரத்தின் மேலிருந்து கேட்டன. பிறகு கூவல். பாய் அறையில் செத்துப்போன குரலுக்கு இங்கே போக இடம் இருந்தது. பனிக்கு மேலாக மிதந்து போனது. சோறு போட்டுக்கொண்டிருந்தவர் அகப்பையோடு நின்றார். ஒருவரும் பாட்டுப் பெட்டியைப் பார்க்கவில்லை. எல்லோரும் வயலைப் பார்த்தார்கள். ஊசி உரசுகிற சத்தம். தவளைகள்.

தூரத்திலிருந்து மறுமொழி வந்தது. முடிவில் மேலே ஏறி வளைகிற கூவல். ஏரம்புதான்.

தில்லைநாதன் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரையில் வைத்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் தட்டுக்குக் காது இல்லை. பதில் வந்தது தெரியாமல் அது இரண்டாம் தரம் கூவியது.

ஏரம்புவின் மனைவி இரஞ்சிதம் வெற்றிலைத் தட்டத்தோடு பக்கத்தில் நின்றா. "இனி அவர் வந்துதான் நிப்பார்," என்றா.

பனிக்குள் ஒரு டோர்ச் வெளிச்சம் இறங்கியது. வரம்பு வரம்பாக வளைந்து, மறைந்து, திரும்பவும் தெரிந்தது. தட்டை நிறுத்தவா என்று ஐயாத்துரை கேட்டார். தில்லைநாதன் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

ஏரம்பு முழங்கால் வரைக்கும் சேறும் கையில் தடியுமாகப் பந்தலுக்குள் வந்தான். மூச்சு வாங்கியது.

"ஆருக்கு என்ன?"

அவன் மரத்தைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், பிறகு தில்லைநாதனைப் பார்த்தான்.

"ரெண்டாம் தரம் என்னத்துக்குக் கூப்பிட்டனி?"

"கொழும்புக்கு நீ வரேல்லை."

"நான் பாட்டுக்கு மறுமொழி சொல்லேல்லை, விளங்குதே? ஆள் கூப்பிடுதெண்டு நினைச்சுத்தான் சொன்னனான்."

"நானும் ஆளாத்தான் கூப்பிட்டனான்," என்றான் தில்லைநாதன்.

ஏரம்பு தடியை மற்றக் கைக்கு மாற்றினான். "இப்ப என்ர வயலுக்க காட்டுப் பண்டி நிக்கும்."

"தில்லையின்ர சத்தத்துக்கு அது எப்பவோ ஓடியிருக்கும் அண்ணை," என்றான் நளீர்.

ஏரம்பு சிரிக்கவில்லை. திரும்பி நடந்தான். தில்லைநாதன் மினுங்குகிற சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டான்.

"கச்சேரி?" என்றேன்.

"நீ பாடு," என்று சொல்லிவிட்டு, டோர்ச் வெளிச்சத்துக்குப் பின்னால் வரம்பில் இறங்கினான்.

நான் பாடினேன். மோசமாகத்தான் பாடினேன், மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். இரண்டு பாட்டுக்கு நடுவில் நளீர் அக்கோடியனை மூடியபோது வயலிலிருந்து தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு கூவல் நீண்டு வந்தது. அது முடிவதற்குள்ளேயே மற்றது அதைப் பிடித்துக்கொண்டது. அகப்பைக்காரர் கொஞ்சம் நின்று கேட்டார். இரண்டாம் கூவல் வரவில்லை. அடுத்த இலைக்குக் குனிந்தார்.