எண்ணெய் குடித்த கல்

எண்ணெய் போகவில்லை. மோகனா முதலில் சவர்க்காரத் தூளைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள். பிறகு செங்கல்லை உடைத்துப் பொடியாக்கித் தேய்த்தாள். மஞ்சளும் குங்குமமும் வழிந்து செம்மண்ணோடு கலந்துவிட்டன. திருநீற்றுப் பட்டை அழிந்தது. சூடம் ஏற்றிய கரிகூடச் சுரண்டச் சுரண்ட உதிர்ந்தது. நல்லெண்ணெய் மட்டும் கல்லுக்குள் இறங்கிக் குடியேறியிருந்தது. தண்ணீரை ஊற்றினால் முத்து முத்தாக நின்று வழுக்கிக் கீழே விழுந்தது.

லயத்து வரிசை வீடுகளின் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் பிடித்து மேட்டுக்கு அவளேதான் சுமந்து வந்தாள். கூட வர யாரும் தயாராக இல்லை. யோசனை நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள். சாமியின் மேல் கை வைக்கச் சொன்னதும் ஆளுக்கொரு வேலை வந்துவிட்டது. மறுநாள் காலை சிரம்பானிலிருந்து தொல்பொருள் அதிகாரிகள் வருகிறார்கள். அதற்குள் முனியாண்டி வெறும் கல்லாகிவிட வேண்டும்.

லிங்கி ஆற்றுப் பக்கம் இருக்கிற அந்தத் தோட்டத்தில் கித்தா என்கிற ரப்பர் நட்ட காலத்திலும், பிறகு செம்பனை நட்ட காலத்திலும், இந்த மேட்டை மட்டும் யாரும் தொடவில்லை. மண்ணுக்கடியில் பாறை என்று துரைமார் விட்டார்கள். முனியாண்டி குடியிருக்கிறான் என்று சனங்கள் விட்டார்கள். அதனால் சுற்றிலும் செம்பனை வரிசை வரிசையாக நிற்க, நடுவில் கொஞ்சம் பழைய காடு தப்பிக் கிடந்தது. பிரம்பும் பெரணியும் அடர்ந்த அந்தக் காட்டுக்குள் ஆளுயரத்தில் மூன்று கற்கள் சற்றே சாய்ந்து நின்றன. யார் நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. நடுக்கல்லுக்கு முதன்முதலில் எண்ணெய் பூசி விளக்கு வைத்தவர் தங்கராஜுவின் தாத்தா. இப்போது பூசை செய்பவன் தங்கராஜு, மோகனாவின் புருஷன்.

தோட்டம் கைமாறி, வீடமைப்புக் கம்பெனிக்குப் போய்விட்டது. மேட்டைச் சமப்படுத்தப் போகிறார்கள். அடிவாரத்து லயத்தில் மிச்சமிருக்கிற ஆறு குடும்பமும் தீபாவளி முடிந்ததும் காலி செய்ய வேண்டும். கோயில்தானே, ரோட்டோரமாக ஒரு துண்டு இடம் தருகிறோம், தூக்கிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனி தாராளமாகச் சொன்னது. மனிதர்களுக்கு இடம் தருவதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் நிரஞ்சனா வந்தாள். ரஹாங்கில் வீடு, பழைய கற்களைப் பற்றிப் படித்த பெண். மூன்று கற்களையும் பார்த்தவுடன் அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. இவை ஆங்கிலேயர் வருவதற்கும் வெகு காலம் முந்தியவை, இவற்றை அசைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, காட்டையும் சேர்த்துக் காப்பாற்றிவிடலாம் என்றாள். போகும்போது மோகனாவைத் தனியே கூப்பிட்டுத் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள்.

"அக்கா, மஞ்சளும் வெள்ளிக் கண்ணுமா அவங்க பார்த்தா, கம்பெனி இதைக் கூலிங்க கட்டின கோயில்னு சாதிச்சிடும். கோயில்னா நகர்த்தலாம். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

மோகனாவின் மனசு அன்றே கணக்குப் போட்டுவிட்டது. கல் நின்றால் காடு நிற்கும். காடு நின்றால் மேடு நிற்கும். மேடு நின்றால் அதன் காலடியில் இருக்கிற லயத்தை யார் இடிக்கப் போகிறார்கள்? சாமி இருக்கிற இடத்தில் சனம் இல்லாமல் இருக்குமா? குழாயடியில் நின்று மற்ற ஐந்து வீட்டையும் சம்மதிக்க வைத்தாள். தங்கராஜு மட்டும் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

இப்போது கண்கள்தான் பாக்கி. கல்லின் மேற்பகுதியில் இரண்டு வெள்ளிக் கண்மலர்கள். மோகனா கத்தியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கழுவும்போதெல்லாம் அவை அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அதுல கை வைக்காத."

பின்னால் தங்கராஜு நின்றிருந்தான். தொழிற்சாலையில் ஜாகாவாகக் காவல் வேலை முடிந்து வந்த சீருடை. ஒரு கையில் பராங் வெட்டுக்கத்தி. காட்டுக்கு வரும்போது எப்போதும் அவன் கையில் பராங் இருக்கும். ஆனாலும் அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"எடுக்கலன்னா நாளைக்குப் பாத்துருவாங்க" என்றாள்.

"பாக்கட்டும்லா. எங்க தாத்தா காலத்துலருந்து கும்புடுற சாமி. திருட்டுச் சாமானா, ஒளிச்சி வைக்கிறதுக்கு?"

"சாமிய எங்க வேணும்னாலும் கொண்டுபோயி வைக்கலாம். எடம் தர்றேன்னு கம்பெனியே சொல்லுது. நம்மள எங்கங்க கொண்டுபோயி வைக்கிறது?"

மரக்கிளையில் குரங்கொன்று ஓடிக் காய்ந்த இலைகள் உதிர்ந்தன. தங்கராஜு கால் சப்பாத்தைக் கழற்றினான். கல்லுக்கு நேராக வந்து நின்று, பராங்கின் முனையைக் கண்மலருக்கடியில் கொடுத்தான். குங்கிலியமும் மெழுகும் காய்ச்சி அவனே ஒட்டியது. மோகனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவன் நிறுத்திவிடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு கண்ணும் வந்தன. அவை இருந்த இடத்தில் எண்ணெய் படாத இரண்டு வெளிறிய வட்டங்கள் தெரிந்தன. மோகனா ஈர மண்ணை எடுத்து அப்பினாள். தங்கராஜு கண்களைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

காலையில் அதிகாரிகள் வந்தார்கள். நிரஞ்சனாவும் கம்பெனி மேனேஜர் ரவிச்சந்திரனும் கூட வந்தார்கள். பாதை காட்டத் தங்கராஜுவைக் கூப்பிட்டிருந்தார்கள். மோகனா பெரணிப் புதரோரம் நின்றாள். அதிகாரிகளில் மூத்தவர், தொப்பி போட்ட மலாய்க்காரர், கல்லைச் சுற்றி வந்தார். விரலால் தடவினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

இங்கே யாராவது சாமி கும்பிடுகிறார்களா என்று அவர் தங்கராஜுவிடம் மலாயில் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். நிரஞ்சனா தரையைப் பார்த்தாள்.

"தாக் அடா, துவான்" என்றான் தங்கராஜு. யாரும் இல்லை, ஐயா.

ரவிச்சந்திரன் நெருங்கி வந்தான். "நல்லா யோசிச்சிச் சொல்லுங்கண்ணே. கோயில்னு இங்க ஒன்னும் இல்லயா? உங்க ஆளுங்க யாரும் வந்து போறதில்லயா?"

"இல்ல."

"எப்பவுமே?"

தங்கராஜுவின் கை சட்டைப் பையைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது. "எப்பவுமே இல்ல" என்றான்.

"சரி. நான் கேட்டத மறந்துறாதீங்க" என்றான் ரவிச்சந்திரன்.

கற்களை அசைக்கக் கூடாது என்று உத்தரவானது; காடு தப்பியது. செய்தி வந்த அன்று மோகனா ஒரு சட்டி நிறையப் பாயசம் காய்ச்சி வீடு வீடாகக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக் குணாளன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். அந்த ஒரு வாரம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு வேலி போட ஆட்கள் வந்தார்கள். வேலி காட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போனது. லயம் வெளியே நின்றது. கல்லைப் பார்க்க வருகிறவர்களின் கார்கள் நிற்க இடம் வேண்டுமாம். சமமான தரை அங்கே அதுதான்.

குணாளன் வக்கீலிடம் ஓடினான். பள்ளிக்கூடத்தை மூடியாகிவிட்டது, பழைய ஆபிசு இடிந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிறோம் என்று காட்ட என்ன இருக்கிறது, ஒரு கோயிலாவது இருக்கிறதா என்று வக்கீல் கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குணாளன் கம்பெனிக்குப் போனான். மோகனாவும் கூடப் போனாள். ரவிச்சந்திரன் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான்.

"கோயில் இருக்குன்னு அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மூனு தலைமுறையா இருக்கிற சனம்னு நாங்களே ஒத்துக்கணும்க்கா. மாத்து வீடு குடுக்காம தப்பிச்சிருக்க முடியாது. ரெண்டு தடவ கேட்டேன். அதிகாரி முன்னாடி உங்க வீட்டுக்காரரே இல்லனுட்டாரு."

வெளியே வந்து மோகனா நிரஞ்சனாவுக்குப் போன் அடித்தாள். நடந்ததைச் சொன்னாள். "அக்கா, நான் காட்டைப் பத்தித்தானே சொன்னேன். வீட்டைப் பத்தி எப்பவாவது சொன்னேனா?" என்றாள் நிரஞ்சனா. சொல்லவில்லைதான். யோசித்துப் பார்த்தால் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதுதான் மோகனாவுக்குத் தாங்க முடியவில்லை.

இப்போது அவர்கள் மம்பாவ்வில் ஒரு அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். கண்மலர்கள் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன. பூசை செய்ய வேண்டுமென்றால் எதற்கு முன்னால் செய்வது என்று தங்கராஜு ஒருமுறை கேட்டான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. மோகனாவுக்குக் கான்ட்ராக்டர் மூலம் துப்புரவு வேலை கிடைத்தது. இடம் எது என்று போன பிறகுதான் தெரிந்தது. மாட்டேன் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை.

மழையே இல்லாத ஒரு மத்தியானம். லயம் இருந்த இடத்தில் ஒரு பேருந்து நின்றது. குழாயடி இருந்த இடத்தில் யாரோ காரை நிறுத்திவிட்டு நிழல் தேடிக்கொண்டிருந்தார்கள். சருகு கூட்டிக்கொண்டிருந்த மோகனாவைச் சூப்பர்வைசர் அவசரமாகக் கூப்பிட்டான். பக்கெட்டும் துணியும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

இருபது பேர் கல்லைச் சுற்றி நின்று போன்களை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். நடுக்கல் வெயிலில் கறுத்துப் பளபளத்தது. குடித்த எண்ணெயெல்லாம் வெளியே கசிந்து, உச்சியிலிருந்து அடிவரை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அப்பிய மண் எப்போதோ மழையில் கரைந்து போயிருந்தது. எண்ணெய் படாத அந்த இரண்டு வட்டங்கள் மட்டும் வெளேரென்று தெரிந்தன. சூடமும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை அவள் மூக்கில் ஏறியது.

கூட்டத்தில் ஒரு பெண், இது என்ன, கல்லுக்கு யார் எண்ணெய் பூசுகிறார்கள் என்று மலாயில் கேட்டாள். அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவள் நிரஞ்சனா. அவள் பக்கெட்டோடு நிற்கிற மோகனாவைப் பார்த்தாள். மோகனாவும் பார்த்தாள். நிரஞ்சனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பழைய கற்கள் இப்படித்தான். வெயில் அதிகமானால் வேர்க்கும்" என்று மலாயில் சொன்னாள்.

எல்லாரும் ஆச்சரியமாகத் தலையாட்டினார்கள். சூப்பர்வைசர் மோகனாவுக்குக் கையைக் காட்டினான். அவள் கயிற்று வேலிக்கடியில் குனிந்து உள்ளே போனாள். பழக்கத்தில் காலணியைக் கழற்றப் போனவள், ஆட்கள் பார்ப்பது தெரிந்து அப்படியே நின்றாள். பிறகு துணியை நனைத்துப் பிழிந்து, நெற்றியிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தில் எண்ணெய் மறுபடி கசிந்தது.