விறகுக்கும் ஆகாத உத்திரம்

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் ஒரு காகிதத்தைப் பிரித்து வாசித்தார். "நம் ஆலயத்தின் கூரை மரங்கள் முழுவதும் செல்லரித்துவிட்டன, விறகுக்குக்கூட ஆகாது என்று, பழைய மரங்களில் நீண்ட அனுபவமுள்ள வல்லுநர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆகவே இதை இடித்துவிட்டு, கீழே கடைகளும் மேல்மாடியில் ஆலயமுமாகக் கட்ட எண்ணியிருக்கிறோம். அடுத்த ஞாயிறு கூட்டத்தில் பங்கு மக்கள் கை தூக்கிச் சம்மதம் தர வேண்டும்."

மூன்றாவது பெஞ்சில் எனக்குக் காது சுட்டது. அந்த வல்லுநர் நான்தான்.

இடிக்கிற கட்டடங்களின் கதவு, ஜன்னல், உத்திரம் வாங்கி விற்பது என் தொழில். எங்கள் தெரு முழுக்க அதேதான். வாங்க வந்தவன் சரக்கைப் புகழ்ந்து அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. தேக்கைப் பார்த்தால் 'இதென்ன, முருங்கையா?' என்போம். விற்கிறவனுக்கும் தெரியும், சிரித்துக்கொண்டே டீ சொல்லுவான். போன மாதம் கோயில் கட்டட வேலை எடுக்கிற கான்ட்ராக்டர் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், "சும்மா ஒரு பார்வை பாருங்க முதலாளி, நாளைக்கு இடிச்சா எடுத்துக்குவீங்களா?" என்றான். பாடகர்கள் நிற்கும் மாடியில் ஏறி, சுத்தியலின் பிடியால் உத்திரத்தைத் தட்டினேன். மணி மாதிரிச் சத்தம் வந்தது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. சரக்கு எவ்வளவு உசத்தியோ அவ்வளவு வசவு. "செல்லு, சுத்தச் செல்லு. விறகுக்குக்கூட ஆகாது" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை, டீயும் சொல்லவில்லை. டைரியை எடுத்து எழுதிக்கொண்டான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த உத்திரங்கள் சும்மா வந்தவையல்ல. முதலில் இருந்த கொட்டகைக் கோயில் தீப்பிடித்து எரிந்தபோது, சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் ரயில் கூட்ஸ் கொட்டடியிலிருந்து பன்னிரண்டு உத்திரங்களைத் தோளில் சுமந்து வந்தார்கள். ஞாயிற்றுக்கு ஒன்று, பூசை முடிந்த கையோடு, கூலி இல்லாமல். எங்கள் தாத்தா அதில் ஒரு தோள். கடைசி உத்திரத்தின்போது அவர் பேசிய கெட்ட வார்த்தைக்கு அன்றைய சாமியார் அங்கேயே, நடுத்தெருவில், பாவசங்கீர்த்தனம் கேட்டாராம்.

கோயில் சாவி என் அக்காவிடம் இருக்கிறது. பூசைப் பாத்திரம் துலக்குவது, மெழுகுவத்தி மாற்றுவது எல்லாம் அவள்தான். அன்று வாசலிலேயே மறித்தாள்.

"விறகுக்குக்கூட ஆகாதுன்னு சொன்ன மகராசன் யாருடா?"

"எனக்கென்னக்கா தெரியும்?"

"என் கல்யாணக் கட்டிலைப் பார்த்து இதையேதான் சொன்ன. உன் மாமனார் போட்ட பீரோவையும் சொன்ன. உன் வாய் எனக்குத் தெரியாதா?"

"அது வியாபாரப் பேச்சுக்கா. அவன் அதைக் கோயிலை இடிக்க எடுத்துக்குவான்னு கண்டேனா?"

"வர்ற ஞாயிறு கூட்டத்துல எந்திரிச்சு, நான் சொன்னது பொய்னு சொல்லு."

"சொன்னா தெருவுல எவன்க்கா அப்புறம் என் பேச்சை நம்புவான்?"

"இப்ப எவன் நம்புறான்? அந்த ஒரு கான்ட்ராக்டர்தான் நம்பியிருக்கான். அவனும் வேணும்னே நம்பியிருக்கான்."

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வாயை வைத்தே என் தாத்தா சுமந்த மரத்தைச் சாய்க்கப் பார்க்கிறார்களே என்ற கொதிப்பு. படித்த மனிதர் சாமியார், ஒரு தடவை ஏணி வைத்து ஏறிப் பார்த்தாரா? கீழே வரப்போகும் கடைகளின் வரைபடத்தைத்தான் பார்த்தார், அதுவும் கலரில்.

கூட்டத்தன்று கோயில் நிறைந்திருந்தது. எழுந்து சொன்னேன்: "சாமி, அந்த வல்லுநர் நான்தான். நான் சொன்னது பொய். விலையை இறக்குறதுக்காகச் சொன்னது."

கான்ட்ராக்டர் எழுந்தான். "முதலாளி, அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா? ஏதாவது ஒண்ணுல நில்லுங்க."

கோயிலே சிரித்தது. சாமியார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பையில் கொண்டு வந்திருந்த கை டிரில்லை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.

"செல்லரிச்ச மரம்னா மாவு கொட்டும். எல்லாரும் மேலே பாருங்க!"

சுற்றினேன். மரம் லேசில் விடவில்லை, தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. பிறகு சுருள் சுருளாக, பொன்னிறத்தில், எண்ணெய்ப் பசையோடு சீவல் கீழே இறங்கியது. சாம்பிராணி வாசத்தைத் தாண்டித் தேக்கு மணத்தது. முன்வரிசையில் ஒருவர் தலையிலிருந்து ஒரு சுருளை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

கான்ட்ராக்டர் அசரவில்லை. "நல்ல மரம்தானே? ரொம்பச் சந்தோஷம். அப்ப இடிச்சதும் நல்ல மரத்து விலையைக் குடுத்துட்டு எடுத்துக்கோங்க."

மறுபடி சிரிப்பு. என் நிரூபணத்தையே விலையாக்கிவிட்டான் பாவி.

அப்போதுதான் கடைசித் தூணருகே கொக்கியைப் பார்த்தேன். எதிர்க்கடைக்காரன். எந்தச் சரக்கையும் என் கையிலிருந்து கொக்கி போட்டு இழுத்துவிடுவான், அதனால் அந்தப் பெயர். கோயிலில் அவனுக்கு ஜோலி இல்லை, இடிப்புச் சரக்கின் வாசம் பிடித்து வந்திருக்கிறான். நான் விட்டால் அவன் அள்ளிக்கொள்வான்.

"கடைக்காரரே, நீங்க சொல்லுங்க" என்றார் சாமியார். "இந்த மரம் எப்படி?"

கொக்கி நடந்து வந்து ஒரு சீவலை எடுத்தான். வளைத்தான். வாயில் போட்டு மென்றான். மாடியில் நின்ற என்னை ஒரு நிமிஷம் பார்த்தான்.

"அருமையான மரம் சாமி" என்றான். "இப்படி மரம் நான் பார்த்ததே இல்லை. இன்னும் நூறு வருஷம் கூரையைத் தாங்கும்."

முப்பது வருஷப் பகையில் அவன் ஒரு சரக்கைப் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை. எங்கள் தெருவில் புகழ்ந்தால் ஒரே அர்த்தம்தான்: வாங்கப் போவதில்லை.

கான்ட்ராக்டருக்கும் அது தெரியும். "இடிச்சா யார் எடுத்துக்குவீங்க?" என்றான், குரல் இறங்கி.

"நான் தொட மாட்டேன்" என்றான் கொக்கி. "எங்க தெருவுல கேட்டுப் பாருங்க. எல்லாரும் புகழ்வாங்க."

முன்வரிசையில் ஒரு கிழவர், "வெளியிலேர்ந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வாங்க சாமி, அவர் ஏறிப் பார்க்கட்டும். அதுவரைக்கும் யாரும் கை தூக்க மாட்டோம்!" என்றார். நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள். சாமியார் காகிதத்தை நான்காய் மடித்து அங்கிக்குள் வைத்தார். கிழிக்கவில்லை, அதைக் கவனித்தேன். சண்டை இன்னும் இருக்கிறது.

இறங்கி வந்தேன். கொக்கி போய்விட்டிருந்தான். அக்கா துடைப்பத்தோடு நின்றாள். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"தாத்தா தூக்கின உத்திரத்துல ஓட்டை போட்டிருக்கியே, யார் அடைப்பா?"

"நாளைக்கு..."

"நாளைக்கு என்னடா நாளைக்கு! உன் நாளையையும் நம்ப மாட்டேன், உன் வாயையும் நம்ப மாட்டேன். இப்பவே மேலே ஏறு."

கடைக்கு ஓடி அதே ஜாதித் தேக்கில் ஒரு ஆப்பு செதுக்கிக் கொண்டு வந்து அடித்தேன். அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் அடித்த கடைசி அடிவரை.