குறை சொல்லத் தெரியாத கால்

மயில்சாமியின் இடது தொடையில் அடைத்துப்போன ரத்தக்குழாயைத் திறந்து, உள்ளே ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாயை வைத்து அனுப்பும்போதே டாக்டர் உமர் பாரூக் கண்டிப்பாகச் சொன்னார்.

"ரத்தத்துல சி.ஆர்.பி. கூடுதலா இருக்கு. உள்ளே அழற்சி அடங்கலேன்னு அர்த்தம். இப்படி இருக்கவங்களுக்கு ஸ்டென்ட் வச்ச இடம் ஆறு மாசத்துல மறுபடி சுருங்கலாம். நடக்கையில கெண்டைக்கால் வலிச்சா அன்னிக்கே சொல்லணும். தள்ளிப்போட்டா காலையே எடுக்க வேண்டிவரும்."

"ஆகட்டுங்க," என்றார் மயில்சாமி.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். பெரியநாயக்கன்பாளையத்தில் மில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பாவாத்தாள் போய் நான்கு வருஷம் ஆகிறது. மகன் பம்பாயில். ஞாயிறுதோறும் போன் செய்து, "நல்லாருக்கீங்களாப்பா?" என்பான். "நல்லாருக்கறன் கண்ணு," என்பார். அதோடு சரி, அடுத்த ஞாயிறு வரை அந்த வீட்டில் பேச்சுக்குரலே கிடையாது. மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போவதுதான் மனிதருக்குத் திருவிழா. ஆஸ்பத்திரி லேப்பில் வேலை செய்யும் பொற்கொடி ஊசியை எடுத்துக்கொண்டே, "ஏனுங்கய்யா, சாப்டீங்களா?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போவார்.

மூன்றாம் மாதம் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. பால் பூத் போவதற்குள் இரண்டு தரம் நின்றார். ஆனாலும் டாக்டர், "எப்படி நடக்கிறீங்க?" என்று கேட்டதும் வாயில் வந்தது, "பரவால்லீங்க சார்," தான். மயில்சாமியைத் திட்டிப் பயனில்லை. விருந்து வைத்தவரிடம் உப்புப் போதவில்லை என்று சொல்லுகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் எவருக்கும் இல்லை. மூன்று மணி நேரம் கால்கடுக்க நின்று வைத்தியம் பார்த்தவரிடம், நீங்கள் செய்தது நிலைக்கவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

டாக்டரோ திருநெல்வேலிக்காரர். கோயமுத்தூரில் 'பரவாயில்லை' என்றால் என்னென்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கால் நன்றாக இருக்கிறதே, சி.ஆர்.பி. மட்டும் ஏன் ஏறுகிறது, பல்லில் சீழாக இருக்கும் என்று பல் டாக்டரிடம் அனுப்பிவைத்தார். மயில்சாமி அதற்கும் மறுப்புச் சொல்லாமல், கல்லுமாதிரி இருந்த கடைவாய்ப்பல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஐந்தாம் மாதம் பொற்கொடி ஜன்னல் வழியே பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசல் கேட்டிலிருந்து படிக்கு வருவதற்குள் மனிதர் மூன்று இடத்தில் நின்று, எதுவுமே ஒட்டாத சுவரைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் நேராக டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

ஸ்கேனில் ஸ்டென்ட் நெடுக அடைத்திருந்தது.

"ரெண்டு மாசம் முந்தியே சொல்லியிருந்தா பலூன் வச்சே சரி பண்ணியிருக்கலாமே. இப்ப பைபாஸ்தான். கால் தப்பும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. ஏன் சொல்லல?"

"நீங்க அத்தன பாடுபட்டுச் செஞ்சுபோட்டீங்க. குறை சொல்றாப்பல ஆயிருமேன்னுங்க."

டாக்டருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "மகன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றார்.

மயில்சாமி வேட்டியை இறக்கிக் காலை மூடினார். "எல்லாரும் நல்லாருக்கீங்களான்னுதானுங்க கேக்கறாங்க. அதுக்கு இல்லைன்னு எப்படீங்க சொல்றது?"

பொற்கொடி அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள். "வலிக்குதுங்களாய்யா?"

"ரொம்ப வலிக்குது அம்மணி," என்றார் மயில்சாமி. சொன்ன பிறகு அவரால் அழுகையை நிறுத்த முடியவில்லை.